திடீரென்று பார்வை மறைந்தால்: உடனே செய்ய வேண்டியவை

ஒரு கண் திடீரென்று இருண்டுவிடுகிறது, வலி துளியும் இல்லை. வலிக்கவில்லையே, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று பலர் படுத்துவிடுகிறார்கள். அப்படிப் படுக்கவே கூடாது. விழித்திரைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்தாலும் சரி, மூளையின் பார்வைப் பகுதிக்கு ரத்தம் நின்று பக்கவாதம் வந்தாலும் சரி, பெரும்பாலும் வலிக்காது.

முதலில் மணியைப் பாருங்கள். கடைசியாக எப்போது நன்றாகத் தெரிந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். விழிக்கும்போதே மறைந்திருந்தால், படுக்கப் போன நேரத்தை எழுதுங்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். மருத்துவர் முதலில் கேட்பதே இதைத்தான்.

பிறகு ஒவ்வொரு கண்ணாக, அழுத்தாமல் உள்ளங்கையால் மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணில் மட்டும் மறைந்தால் கோளாறு அந்தக் கண்ணிலோ அதன் நரம்பிலோ இருக்கும். எந்தக் கண்ணை மூடினாலும் ஒரே பக்கம் பாதி தெரியவில்லையென்றால் மூளையைத்தான் சந்தேகிக்க வேண்டும். வாய் கோணல், கை தளர்வு, பேச்சுக் குழறல் இருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லாம் இரட்டையாகத் தெரிந்து, ஒரு இமை தொங்கி, அந்தக் கண்ணின் நடுக் கறுப்பு வட்டம் மட்டும் பெரிதாகி, தலையும் வலித்தால் மூளை ரத்தக்குழாயில் உள்ள புடைப்பு நரம்பை அழுத்தலாம். அது வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

இவற்றில் எது இருந்தாலும், தமிழ்நாட்டில் 108-ஐ அழைத்து, சி.டி. ஸ்கேன் உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். கண்ணாடிக் கடையில் நேரத்தைத் தொலைக்காதீர்கள். ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், உள்ளே அடைப்பா, ரத்தக்கசிவா என்பது ஸ்கேன் எடுக்காமல் தெரியாது. பிரஷர் மாத்திரையை நீங்களாகக் கூடுதலாகக் கொடுத்தால் மூளைக்குப் போகும் ரத்தம் இன்னும் குறையும். விழுங்க முடிகிறதா என்று மருத்துவமனையில் பார்க்கும்வரை தண்ணீர்கூட வேண்டாம், புரையேறிவிடும்.

50 வயதைத் தாண்டியவருக்கு நெற்றிப்பொட்டில் புதிதாக வலி, தலைவாரும்போது மண்டைத்தோலில் வலி, மெல்லும்போது தாடை வலி என்று இருந்து பார்வையும் மங்கினால், அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். அன்றைக்கே ஸ்டீராய்டு தொடங்காவிட்டால் மற்றக் கண்ணும் போய்விடக்கூடும். இந்த அறிகுறிகளை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

வலியோடு வருவதும் உண்டு. கண் சிவந்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்து, தலைவலியும் வாந்தியும் வந்தால் கண் அழுத்தம் திடீரென ஏறியிருக்கலாம். வாந்தியை வைத்து இதைப் பித்தம், ஒற்றைத் தலைவலி என்று நினைத்துவிடுகிறார்கள். அதற்குள் பார்வை நரம்பு கெடுகிறது. மின்னல் வெட்டுவது, கரும்புள்ளிகள் கொட்டுவது, ஓரத்திலிருந்து திரை இறங்குவது ஆகியவை விழித்திரை பிரிவதன் அடையாளம். இவை இரண்டுக்கும் அன்றைக்கே கண் மருத்துவமனை.

சில நிமிடம் இருண்டு தானே தெளிந்துவிட்டாலும் போயே ஆக வேண்டும். கழுத்து ரத்தக்குழாயிலிருந்தோ இதயத்திலிருந்தோ கிளம்பிய சிறு ரத்தக்கட்டி நகர்ந்து போயிருக்கலாம். அடுத்த சில நாள்களில், குறிப்பாக முதல் 48 மணி நேரத்தில், பக்கவாதம் வரும் ஆபத்து அதிகம். கழுத்தில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனும் ஈ.சி.ஜி.யும் எடுக்காமல் வீடு திரும்பாதீர்கள்.