அம்மா, மாமி, கைக்குழந்தையோடு பெனிடோர்ம் போகிற ஆக்களுக்கு

நாங்கள் ஒன்பது பேர். அம்மாவுக்கு 76 வயது, இரண்டு முழங்காலும் சரியில்லை. மாமிக்கு 71, சுத்த மரக்கறி, சீனி வருத்தமும் உண்டு. நான், இவர், எங்களுடைய பதினைந்து வயது மகள், ஆறு வயது மகன். தம்பி, மச்சாள், அவர்களுடைய ஒன்றரை வயதுக் குழந்தை. லண்டனில் ஹரோவிலிருந்து ஒக்டோபர் பள்ளி விடுமுறைக்கு ஸ்பெயினில் பெனிடோர்முக்குப் போய் ஏழு இரவு நின்றுவிட்டு வந்தோம். அங்கே போனது இது இரண்டாம் தடவை. முதல் தடவை விட்ட பிழைகள்தான் இந்தத் தடவை எங்களைக் காப்பாற்றின. சொந்தக்காரர் யாராவது கேட்டால் ஃபோனில் ஒரு மணித்தியாலம் சொல்கிற விசயங்களை ஒரேயடியாக இங்கே எழுதிவிடுகிறேன்.

ஹோட்டலைத் தேட முதல் தெருவைப் பாருங்கள். பெனிடோர்மில் இரண்டு பெரிய கடற்கரைகள். கிழக்கே லெவாந்தே, கிட்டத்தட்ட 2 கிலோமீற்றர். மேற்கே பொனியெந்தே, ஏறத்தாழ 3 கிலோமீற்றர். இரண்டுக்கும் நடுவில் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிற பாறையில் பழைய ஊர். லெவாந்தேக்குப் பின்னால் ஆங்கிலேயர்களுடைய பார்கள் நிறைய, இரவில் சத்தம். அதன் கிழக்கு மூலையில் ரின்கோன் தே லொய்ஷ் என்ற பகுதி ஏற்றமான இடம். முதல் தடவை அங்கேதான் அகப்பட்டோம். "கடற்கரைக்கு 400 மீற்றர்" என்று போட்டிருந்தது உண்மைதான். அந்த 400 மீற்றரும் ஏற்றம் என்று யாரும் போடவில்லை. அம்மா முதல் நாள் இறங்கிப் போனார், திரும்பி வர டாக்சி பிடித்தோம். மற்ற ஆறு நாளும் பல்கனியிலிருந்து கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். ஹரோவில் இருந்தே யூடியூபில் பார்த்திருக்கலாம் என்று அவர் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. ஆகவே, காசு கட்ட முதல் கூகுள் வரைபடத்தில் தெருப் படத்தைத் திறந்து, ஹோட்டல் வாசலிலிருந்து கடற்கரை வரைக்கும் "நடந்து" பாருங்கள். படி இருக்கிறதா, ஏற்றம் இருக்கிறதா, நடுவில் இருக்க வாங்கு இருக்கிறதா?

இந்தத் தடவை பொனியெந்தே பக்கம், கடலுக்கு முன்னால். அங்கே கடலோரமாக அலை அலையாக வளைந்து, வானவில் மாதிரி நிறம் மாறிக்கொண்டே போகிற ஒரு நடைபாதை இருக்கிறது. கார்லோஸ் ஃபெராத்தேர் என்ற கட்டடக்கலைஞரும் சேர்ந்து வடிவமைத்தது. அம்மாவுக்கு அதெல்லாம் முக்கியமில்லை, தரை மட்டமாக இருந்ததுதான் முக்கியம். காலையில் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம் தானாகவே நடக்கப் போனார்.

அறை விசயத்தில் மூன்று கேள்விகளை ஹோட்டலுக்கே மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். முன்பதிவுத் தளத்தில் "குறிப்பு" என்று எழுதிவிட்டு நம்பிக்கொண்டு இருக்காதீர்கள். முதலாவது குளியலறை. ஸ்பெயினில் நிறைய ஹோட்டல்களில் குளியல் தொட்டி, அதாவது பன்யேரா, இன்னும் இருக்கிறது. அதன் விளிம்பைத் தாண்டிக் காலை வைப்பது வயதானவர்களுக்கு ஆபத்து. "பிளாத்தோ தே துச்சா" என்று கேளுங்கள், தரையோடு ஒட்டின ஷவர் அது. இரண்டாவது, உள்ளே கதவு வைத்து இணைந்த அறைகள். பக்கத்துப் பக்கத்து அறை வேறு, இணைந்த அறை வேறு. "அபித்தாசியோனெஸ் கொமுனிகாதாஸ்" என்றால் அவர்களுக்கு விளங்கும். மூன்றாவது, குழந்தைக்குத் தொட்டில், குனா.

அம்மாவையும் மாமியையும் ஒரே அறையில் போடுவதா? காசு மிச்சம் என்று முதல் தடவை போட்டோம். சம்பந்திமார் இரண்டு பேர் ஏழு இரவு ஒரே அறையில், ஒருவருக்கு ஏசி வேண்டும், மற்றவருக்கு யன்னல் திறக்க வேண்டும். வேண்டாம். இந்தத் தடவை அம்மாவோடு மகள், மாமியோடு மகன். பேத்திக்குத் தன்னுடைய வைஃபை, பாட்டிக்குத் தன்னுடைய தேவாரம், இரண்டும் ஒத்துப்போயின.

பல்கனியைப் பற்றி ஒரு சொல். பெனிடோர்ம் முழுக்க உயரக் கட்டடங்கள், அங்குள்ள கிரான் பாலி ஹோட்டல் மட்டும் 186 மீற்றர். அறைக்குள் போன உடனே பல்கனியில் கிடக்கிற கதிரையையும் மேசையையும் கம்பியை விட்டு உள்ளே இழுத்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகள் ஏற இரண்டு நிமிசம் போதும். கீழ் மாடியில் அறை கேட்பது இதற்காக மட்டுமில்லை. இரவுச் சாப்பாட்டு நேரத்தில் லிஃப்டுக்கு நிற்கிற வரிசையைப் பார்த்தால் தெரியும்.

ஒக்டோபரில் போனால் கடல் இன்னும் குளிக்கக்கூடிய மாதிரி இருக்கும், ஆனால் சூடாக்காத நீச்சல் தடாகம் ஐஸ் மாதிரி. "பிசினா கிளிமாதிசாதா", அதாவது சூடாக்கின தடாகம், இருக்கிறதா என்று கேளுங்கள், அதுவும் அந்த மாதத்தில் உண்மையிலேயே சூடாக்குகிறார்களா என்றும் கேளுங்கள். ஓகஸ்டில் போனால் தண்ணீர்ப் பிரச்சினை இல்லை, ஆனால் மத்தியானம் மணலில் வெறுங்காலோடு நிற்க முடியாது, விலையும் வேறு. கோடையில் லெவாந்தே, பொனியெந்தே இரண்டிலும் நடக்க முடியாதவர்களைத் தண்ணீருக்குள் கொண்டுபோகிற மிதக்கும் கதிரையும் உதவிக்கு ஆக்களும் இருப்பார்கள்.

அம்மா என்ன உடுப்போடு இறங்குவது என்பது தனிக் கதை. சேலையோடு தடாகத்தில் இறங்க விடமாட்டார்கள். நீச்சலுடைத் துணியில் முழுக்கைச் சட்டையும் முழங்காலுக்குக் கீழே வருகிற காற்சட்டையும் லண்டனிலேயே வாங்கி, வீட்டில் ஒருதரம் போட்டுப் பார்க்கச் செய்யுங்கள். அங்கே போய் முதல் தடவை போடச் சொன்னால் வெட்கத்தில் போடமாட்டார். இந்த ஊரில் 1950களில் பேத்ரோ சரகோசா என்ற மேயர் கடற்கரையில் பிகினி போட அனுமதி கொடுத்துவிட்டு, எதிர்ப்பு வந்ததும் வெஸ்பா ஸ்கூட்டரில் மட்ரிட் வரைக்கும் போய், அப்போது ஸ்பெயினை ஆண்ட சர்வாதிகாரி ஃபிராங்கோவைக் கண்டு கதைத்தார் என்று ஒரு கதை இருக்கிறது. அதைச் சொன்னதும் மாமி சிரித்த சிரிப்பில் அடுத்த நாள் இருவரும் தண்ணீருக்குள் இறங்கினார்கள்.

சாப்பாடு. நாங்கள் எடுத்தது "மெதியா பென்சியோன்", காலையும் இரவும். மத்தியானம் கட்டாயம் ஹோட்டலுக்குத் திரும்ப வேண்டும் என்ற கட்டு இல்லாதது நல்லது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: நிறைய ஹோட்டல்களில் இந்தத் திட்டத்தில் இரவுச் சாப்பாட்டோடு குடிக்கிற போத்தல் தண்ணீருக்குக்கூடத் தனிக் காசு. ஒன்பது பேர் ஏழு இரவு, கணக்குப் பாருங்கள்.

மரக்கறிக்காரர் இருந்தால் இன்னும் கவனம். ஸ்பெயினில் "சாலட்" என்று கேட்டால் மேலே டூனா மீனைத் தூவிக்கொண்டு வருவார்கள். அவரைக்குள் பன்றித் துண்டு இருக்கும். "கார்னே (இறைச்சி) இல்லை" என்று சொல்லிவிட்டு ஹாம் போட்டுத் தருகிற ஆக்களும் உண்டு, அவர்கள் கணக்கில் அது இறைச்சியில் சேராது போல. எல்லாவற்றையும் விடப் பொல்லாதது அரோஸ் அ பந்தா. பெனிடோர்ம் இருக்கிற அலிக்காந்தே பக்கத்துச் சோறு. மஞ்சளாக, ஒன்றும் போடாத வெறும் சோறு மாதிரித்தான் கிடக்கும், ஆனால் அவிப்பது மீன் தண்ணீரில். முதல் பயணத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாமி ஒரு கோப்பை முழுக்கச் சாப்பிட்டுவிட்டு "நல்ல ருசி" என்றார். நான் பிறகு மெனுவைப் பார்த்தேன். இன்றுவரைக்கும் சொல்லவில்லை. நீங்கள் "சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹமோன்", அதாவது இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல், ஹாம் இல்லாமல் என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். வெறும் சோற்றுக்கு "அரோஸ் பிளாங்கோ". அதோடு பருப்புப்பொடி, ஊறுகாய். ஊறுகாய் பெரிய சூட்கேசில் போகட்டும். கைப்பையில் வைத்தால் பல விமான நிலையங்களின் சோதனையில் 100 மில்லிலீற்றர் சட்டத்தில் போய்விடலாம், எங்களுடையது போனது. பிரித்தானியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பாற்பொருளும் கொண்டுபோக முடியாது, ஆகவே நெய், தயிர், மாமியின் பால்மா எல்லாம் வீட்டிலேயே நிற்கட்டும். குழந்தைப் பால்மாவுக்கு விலக்கு உண்டு.

அப்புறம் கேத்தில். பிரித்தானிய ஹோட்டல் மாதிரி ஸ்பெயினில் அறையில் கேத்தில் இருக்கும் என்று நினைக்காதீர்கள். அம்மா விடிய ஐந்து மணிக்கு எழும்புவார், காலைச் சாப்பாடு எட்டு மணிக்கு. அந்த மூன்று மணித்தியாலம் தேத்தண்ணி இல்லாமல் போனால் அன்றைய நாளே போச்சு. ஹோட்டலில் கேட்டுவிட்டு, சின்னப் பயணக் கேத்தில் ஒன்றும் இரண்டு முனைப் பிளக் மாற்றியும் கொண்டுபோங்கள்.

பயண வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரித்தானியப் பாஸ்போர்ட் ஸ்பெயினுக்குள் போகிற நாளன்று எடுத்து 10 வருசத்துக்குள் இருக்க வேண்டும், திரும்புகிற நாளுக்குப் பிறகு 3 மாதமாவது செல்லுபடியாக வேண்டும். இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற பெரியவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும், அதற்குத்தான் முதலில் ஓடுங்கள். சக்கரக் கதிரை உதவியை விமான நிறுவனத்திடம் 48 மணித்தியாலத்துக்கு முன்னரே கேட்க வேண்டும், அதற்குக் காசில்லை. "எனக்கென்ன, நான் நடப்பேன்" என்று அம்மா சொல்லுவார். கேளாதீர்கள், பதிவு செய்யுங்கள். காப்புறுதியில் சீனி, பிரஷர் எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள். குளிசைகள் கைப்பையில். அலிக்காந்தே விமான நிலையத்திலிருந்து பெனிடோர்ம் 60 கிலோமீற்றர் அளவு. பஸ் இருக்கிறது, ஆனால் ஒன்பது பேருக்கும் தள்ளுவண்டிக்கும் ஒரு வான் முன்பதிவு செய்வதுதான் சரி.

நாளை எப்படி ஓட்டுவது? எல்லாரும் எப்போதும் ஒன்றாக என்று நினைத்தால் மூன்றாம் நாள் சண்டை வரும், எங்களுக்கு வந்தது. இப்போது ஒரே ஒரு சட்டம்: இரவு ஏழரைக்கு எல்லாரும் ஒரே மேசையில். மற்ற நேரம் அவரவர் பாடு. மத்தியானம் இரண்டிலிருந்து நாலரை வரை குழந்தைக்கும் பாட்டிமாருக்கும் நித்திரை, அந்த நேரம் பெரிய பிள்ளைகள் தடாகத்தில், ஆனால் ஒரு பெரிய ஆள் ஃபோனைப் பார்க்காமல் பக்கத்தில். பாட்டிமாரைச் சம்பளமில்லாத ஆயா ஆக்காதீர்கள். நாங்கள் ஏழு இரவில் ஒரு இரவு மட்டும், முன்கூட்டியே கேட்டு, குழந்தையை விட்டுவிட்டுப் போனோம்.

காசுக்கு ஒரு பொதுப் பை. நானும் தம்பியும் சமமாக யூரோ போட்டோம், மகள் கணக்கு எழுதினாள். பெரியவர்களிடம் வாங்கவில்லை. ஆனாலும் அம்மா ஐஸ்கிரீம்காரனிடம் களவாகக் காசு கொடுத்துக்கொண்டே இருந்தார்.

கடைசி நாளுக்கும் ஒரு திட்டம் வேண்டும். மத்தியானம் 12 மணிக்கு அறையைக் காலி செய்யச் சொன்னார்கள், எங்கள் விமானம் இரவு ஒன்பதுக்கு. முதல் தடவை வரவேற்பறைச் சோபாவில் சூட்கேசுகளோடு ஆறு மணித்தியாலம். இந்தத் தடவை ஒரே ஒரு அறையைப் பின்னேரம் ஆறு மணிவரைக்கும் காசு கட்டி வைத்திருந்தோம். குழந்தை ஒரு கட்டிலில், அம்மாவும் மாமியும் மற்றக் கட்டிலில். கதவைத் திறந்து பார்த்தபோது யன்னல் பாதி திறந்திருந்தது, ஏசியும் ஓடிக்கொண்டிருந்தது.