முகம் ஊதுகிறதென்று ஸ்டீராய்டை நீங்களே குறைக்காதீர்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். லூபஸ், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய், சிறுநீரகத்தைத் தாக்கிய பிள்ளைகள் மருந்துப் பையோடு வந்து கேட்பதெல்லாம் ஒன்றுதான்: “அங்கிள், முகம் ஊதிப்போச்சு, குறைச்சிக்கலாமா?”

குறைக்கத்தான் வேண்டும். ஆனால் கணக்கு டாக்டருடையது. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு சீக்கிரம் வேலை செய்யும். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மைக்கோஃபெனோலேட் பிடிக்க வாரங்கள், மாதங்கள்கூட ஆகும். அதுவரை ஸ்டீராய்டுதான் முட்டுக்கொடுக்கிறது. ஸ்டீராய்டை முந்தி எடுத்தால் சிறுநீரில் புரதம் மறுபடி ஏறும்.

வழக்கமாக முதலில் 1 முதல் 3 நாள் நரம்பில் மெத்தில்பிரெட்னிசோலோன் ஏற்றுவார்கள். பிறகு பிரெட்னிசோலோன் மாத்திரை. கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் என்று வைத்தால், 50 கிலோ பெண்ணுக்கு 25 மில்லிகிராம். 5 மில்லிகிராம் மாத்திரையில் ஐந்து. நோய் கடுமையென்றால் கூடுதலாகவும் கொடுப்பார்கள். மாதங்கள் போகப்போக நாளுக்கு ஒரு மாத்திரை, அதற்கும் கீழே என்று கொண்டுவருவதே குறி. கூடவே மைக்கோஃபெனோலேட் நாளுக்கு 2 முதல் 3 கிராம், காலை பாதி, இரவு பாதி.

அடுப்படியில் தொங்கும் தமிழ் காலண்டரை எடுங்கள். அடுத்த அப்பாயின்மெண்ட் வரை ஒவ்வொரு தேதியிலும் எத்தனை மாத்திரை என்று எழுதுங்கள், போட்டதும் அடியுங்கள். ஸ்டீராய்டைக் காலையில் பசியாறியதும் மொத்தமாகப் போடுங்கள். கேஸ்டிரிக்குக்கு, அதாவது வயிற்று அமிலத்துக்கு, வெள்ளை மருந்து குடிப்பவர்கள் அதையும் மைக்கோஃபெனோலேட்டையும் 2 மணி நேரமாவது தள்ளி வையுங்கள். சேர்ந்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது.

தீபாவளி லீவில் மருந்து தீர்ந்துபோகவே கூடாது. பல வாரம் ஸ்டீராய்டு போட்டால் உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். சட்டென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து ஆளே சாய்ந்துவிடலாம். வாந்தியில் மாத்திரை தங்காவிட்டாலும் நேரே ஆஸ்பத்திரிதான்.

காய்ச்சலுக்கும் அப்படியே. பனடோல் போட்டுக் காத்திருக்காதீர்கள். செம்பனைக் காட்டில் எலி மூத்திரக் காய்ச்சல் உண்டு. பூட்ஸ் இல்லாமல் இறங்க வேண்டாம்.

பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், விற்கும் மூட்டுவலி ஜாமு என்ற நாட்டு மருந்து எனக்குப் பரம விரோதி. டெக்ஸாமெத்தசோன் கலந்த சரக்குகளைச் சுகாதார அமைச்சு பலமுறை பிடித்திருக்கிறது. அதுவும் ஸ்டீராய்டுதான், காலண்டரில் எழுதிய கணக்கெல்லாம் பொய்யாகிவிடும். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் இன்னொரு மருந்தான டெக்ரோலிமஸ் சாப்பிடுபவர்கள் தம்புன் பம்பளிமாஸையும் தள்ளி வையுங்கள். இரத்தத்தில் மருந்தின் அளவை அது ஏற்றிவிடக்கூடும்.

கல்யாணம் பேசும் வீடுகளில் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று: மைக்கோஃபெனோலேட் கருவைப் பாதிக்கும். பிள்ளைக்குத் திட்டமிட்டால் குறைந்தது 6 வாரம் முன்பே டாக்டர் அதை நிறுத்தி, பெரும்பாலும் அசாதயோப்ரின் என்ற மருந்துக்கு மாற்றுவார். அந்த அப்பாயின்மெண்டுக்கு மாப்பிள்ளையையும் கூட்டிப் போங்கள்.