திரையில் நீலம், பெட்டியில் கத்தரிப்பூ: ஆர்ஜிபி, சிஎம்ஒய்கே செய்முறை

திருப்பூரில் மாமா தொடங்கிய பனியன் கம்பெனிக்கு லோகோ வரைந்தவன் நான்தான். போனில் பளிச்சென்ற நீலம். அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கியதும் மாமா ஒன்றைக் கையில் எடுத்தார். "நீலம்தானே மாப்பிள்ளை சொன்னோம், இது கத்தரிப்பூ அல்லவா?" அச்சகத்தைக் குறை சொல்ல வழியில்லை. நான் கொடுத்த கோப்பே அப்படித்தான் இருந்தது.

படி 1: திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 0 முதல் 255 வரை. இது ஆர்ஜிபி. அச்சு மையால் காட்டுகிறது. சயான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு, ஒவ்வொன்றும் 0 முதல் 100 விழுக்காடு. இது சிஎம்ஒய்கே. தன்மேல் விழும் ஒளியில் மை விழுங்கியது போக மிச்சத்தைத்தான் காகிதம் திருப்பித் தரும். அதனால் திரையின் பளிச் நிறங்கள் பல மையில் கிடைக்கவே கிடைக்காது.

படி 2: நான் சறுக்கிய இடம் இது. என் நீலம் 0, 0, 255. வேலை முடிந்தபின் இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் கலர் மோடை சிஎம்ஒய்கேவுக்கு மாற்றினால் போதும் என்று இருந்துவிட்டேன். மாற்றியதும் அது சயான் 88, மஜெந்தா 77 ஆகிவிட்டது. நான் எண்களைப் பார்க்கவே இல்லை. மஜெந்தா சயானை நெருங்க நெருங்க நீலம் ஊதாவாகும். இரண்டுக்கும் நடுவே 30 விழுக்காடாவது விடுங்கள். இப்போது எங்கள் நீலம் 100, 60, 0, 0. முதலில் மை எண்ணை முடிவுசெய்து, அதற்கு ஒத்துவரும் திரை எண்ணைப் பிறகு தேடுங்கள். திரையில் சற்று மங்கலாகத்தான் தெரியும், தெரியட்டும்.

படி 3: காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டாம். இப்போது இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் வரைவேன், ஆனால் அச்சுக்கான பிடிஎஃப்பை இன்னோர் இலவச மென்பொருளான ஸ்கிரைபஸில்தான் எடுப்பேன். நிறப்பட்டியலில் சிஎம்ஒய்கே எண்களைக் கையாலேயே இடுங்கள். சிறிய எழுத்துகளுக்குக் கறுப்பு மை 100 மட்டும் போதும். நான்கு மையும் சேர்ந்தால், அச்சுத் தகடு இம்மி விலகினாலும் எழுத்தோரம் நிறம் கசியும்.

பின்சேர்க்கை: பான்டோன் நிற அட்டையில் ஒவ்வொரு நிறத்துக்கும் உள்ள எண் ஒன்று போதாதா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். எண்ணோடு கடைசி எழுத்தையும் பாருங்கள். சி என்றால் வழவழப்பான தாள், யு என்றால் பூச்சில்லாத தாள். ஒரே மை இரண்டிலும் ஒன்றுபோல் தெரியாது. துணிக்கு இவை இரண்டும் ஆகாது. சாயப்பட்டறைக்குப் பான்டோனின் பருத்தித் துணிக்கான டிசிஎக்ஸ் எண் கொடுக்க வேண்டும்.

அப்படிக் கொடுத்து வந்த முதல் லேப் டிப் துணி, அதாவது சாயமிட்ட மாதிரித் துண்டு, டியூப்லைட் வெளிச்சத்தில் பெட்டியோடு அச்சாகப் பொருந்தியது. மாமா இரண்டையும் வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்தார். பொருந்தவில்லை. மறுபடி சாயமிட்டு வந்த இரண்டாவது லேப் டிப் துண்டைத்தான் ஷேட் கார்டில், அதாவது ஒப்புக்கொண்ட நிறத்தைக் காட்டும் அட்டையில், ஒட்டினோம்.