மருத்துவமனை நகைச்சுவைத் தொடருக்கு ஒரு பிடிவாதக்கார நர்ஸை எழுதுவது எப்படி

பெயர், ஊர், வயது எதையும் முடிவு செய்வதற்கு முன்னால், அவளால் எதையெல்லாம் செய்ய முடியாது என்று ஒரு தாளில் எழுதுங்கள். மருந்து எழுத முடியாது. டாக்டர் எழுதிய அளவை மாற்ற முடியாது. ஸ்கேனுக்கு அனுப்ப முடியாது. யாரையும் டிஸ்சார்ஜ் செய்ய முடியாது.

பக்கத்திலேயே இன்னொரு பட்டியல் போடுங்கள்: அவளுக்கு மட்டும் தெரிந்தவை. மூன்றாம் பெட் தாத்தா நேற்று ராத்திரி மாத்திரையை விழுங்காமல் தலையணைக்கு அடியில் செருகிவிட்டார். ஏழாம் பெட் அம்மாவுக்குக் காலையிலிருந்து சிறுநீர் சரியாகப் போகவில்லை. ஒன்பதாம் பெட்காரருக்கு மூத்த மகன் வந்துபோனால் மட்டும் பிரஷர் ஏறுகிறது. டாக்டர் ரவுண்ட்ஸில் ஒரு படுக்கையருகே ஐந்து நிமிடம் நிற்பார். அவளோ எட்டு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ அந்த வார்டிலேயே கிடக்கிறாள். ஊசியை அழுத்துவது அவள் கை. தப்பு நடந்தால் கேள்வி அவளிடமும் வரும்.

இந்த இரண்டு பட்டியலுக்கும் நடுவில்தான் அவளுடைய பிடிவாதம் பிறக்க வேண்டும். தெரிந்தவள் அவள், உத்தரவு போடுபவர் வேறொருவர். அந்த இடைவெளியைத் தாண்ட அவள் என்னென்ன வழி கண்டுபிடிக்கிறாள் என்பதே உங்கள் நகைச்சுவை. பிடிவாதத்தைப் பிறவிக் குணமாக வைத்துத் தொடங்கினால் வாயாடி ஒருத்திதான் கிடைப்பாள். அவளை வைத்து நாலு எபிசோடுக்கு மேல் ஓட்ட முடியாது.

கார்லாவிடம் கற்க வேண்டியது

இதற்கு மிகச் சிறந்த பாடம் 'ஸ்க்ரப்ஸ்' தொடரின் கார்லா எஸ்பினோசா. பில் லாரன்ஸ் உருவாக்கிய அந்தத் தொடர் 2001 அக்டோபர் 2 அன்று அமெரிக்காவில் என்பிசியில் தொடங்கியது. எட்டாவது, ஒன்பதாவது சீசன்கள் ஏபிசிக்கு மாறி, அந்த ஓட்டம் 2010 மார்ச்சில் முடிந்தது. கார்லாவாக ஜூடி ரெயஸ் முதல் எட்டு சீசன்களில் நடித்தார்.

சேக்ரட் ஹார்ட் மருத்துவமனைக்கு ஜே.டி. பயிற்சி டாக்டராக வந்து சேரும்போது கார்லா அங்கே ஏற்கெனவே பழுத்த கை. அவனை 'பேம்பி' என்று கூப்பிடுகிறாள். பதவியில் அவன் மேலே, அனுபவத்தில் அவள் மேலே. எந்த எழுத்தாளரும் இதுவரை யோசித்துவிடுவார். அடுத்து செய்ததுதான் பெரிய விஷயம்: முதல் சீசனிலேயே, ஜே.டி.யின் மருத்துவ அறிவு தன்னைத் தாண்டிப் போவதை அவள் உணரும்படி ஒரு எபிசோட் வைத்தார்கள். டாக்டர்கள் வருடத்துக்கு ஒரு படி ஏறுகிறார்கள், அவள் அதே வார்டில் அடுத்த பேட்ச் பையன்களுக்கு முதலிலிருந்து சொல்லிக்கொடுக்கிறாள். இந்த வலியை முதல் சீசனிலேயே தொட்டுவிட்டால், பிறகு அவள் கத்தினாலும் கேலி செய்தாலும் பார்ப்பவர் அவள் பக்கம் நிற்பார்.

உங்கள் கதைக்கும் முதல் ஆறு எபிசோடுக்குள் இப்படி ஒரு காட்சியைத் திட்டமிடுங்கள். ஒரே காட்சி போதும். அவள் அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். நேற்றுவரை அவளிடம் கேட்டுவிட்டு மருந்து எழுதிய பையன் இன்று கேட்காமல், சரியாகவே எழுதிவிட்டுப் போகிறான். அவள் கேஸ் ஷீட்டைப் பார்க்கிறாள், திருத்த ஒன்றும் இல்லை. அங்கேயே வெட்டுங்கள்.

கைக்கு வேலை கொடுங்கள்

அவள் வரும் ஒவ்வொரு காட்சியிலும் கை எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும். நர்சிங் ஸ்டேஷனில் சாய்ந்து நின்று வசனம் பேசும் நர்ஸை, மருத்துவமனையில் ஒரு வாரம் அட்டெண்டராக இருந்தவர்கூட நம்ப மாட்டார். வேலை என்று பொதுவாக எழுதிவிட்டு நடிகையிடம் விடாதீர்கள். என்ன வேலை, எத்தனை விநாடி, நடுவில் நிறுத்த முடியுமா முடியாதா என்று எழுதுங்கள். நிறுத்த முடியாத வேலை நகைச்சுவைக்குத் தங்கம்.

உதாரணத்துக்கு, வேகத்தைத் தானே கட்டுப்படுத்தும் பம்ப் இல்லாத வார்டில் டிரிப் ஏற்றுவது. 1 லிட்டர் சலைன் 8 மணி நேரத்தில் போக வேண்டும், டிரிப் குழாய் 1 மில்லிக்கு 20 சொட்டு வகை என்றால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. நர்ஸ் வாட்சைப் பார்த்துக்கொண்டு 15 விநாடி எண்ணுவாள். 10 அல்லது 11 வந்தால் சரி, இல்லையென்றால் உருளையைத் திருகி மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். இப்போது ஹவுஸ் சர்ஜனை, அதாவது பயிற்சி டாக்டரை, உள்ளே அனுப்புங்கள். அவன் படபடவென்று கேட்கிறான். அவள் ஒரு விரலைத் தூக்குகிறாள். 15 விநாடி. அவன் அந்த 15 விநாடியும் நிற்கத் தெரியாமல் நிற்கிறான், தன் கேள்விக்குத் தானே பதில் சொல்லிப் பார்க்கிறான், அது தப்பு என்று அவனுக்கே புரிகிறது, போய்விடுகிறான். அவள் "பதினொண்ணு" என்கிறாள். இந்தக் காட்சியில் அதிகாரம் யாரிடம் என்று வசனத்தில் சொல்லவே தேவைப்படவில்லை.

'ஸ்க்ரப்ஸ்' இதைச் சுலபமாகச் செய்ததற்குத் தயாரிப்பு முறையும் காரணம். ஒற்றைக் கேமரா, பின்னணிச் சிரிப்பொலி கிடையாது. முதல் எட்டு சீசன்கள் மூடப்பட்டிருந்த நிஜ மருத்துவமனைக் கட்டடத்திலேயே, நார்த் ஹாலிவுட் மெடிக்கல் சென்டரில், எடுத்தார்கள். சிரிப்புக்காக நடிகர் நின்று காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் வேலை நிற்காமலே நகைச்சுவை நடக்கும். பார்வையாளர் முன்னிலையில் பல கேமராக்களில் எடுக்கப்போகிறீர்கள் என்றால் இந்தச் சொட்டு எண்ணும் காட்சி எடுபடாது. அங்கே வேலையைச் சிறு துண்டுகளாக உடைத்து, சிரிப்புக்கு இடைவெளி விட்டு எழுத வேண்டும்.

"மாட்டேன்" என்று சொல்லும் காட்சி

எபிசோடின் முதுகெலும்பு இதுதான். 22 நிமிட எபிசோடில் ஒரு மறுப்புக் காட்சி போதும், இரண்டு வைத்தால் இரண்டுமே நீர்த்துவிடும். மறுப்புக்கு உண்மையான மருத்துவக் காரணம் வேண்டும். பார்ப்பவருக்கு அது முழுசாகப் புரியாவிட்டாலும் பரவாயில்லை, உங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

பொட்டாசியம் குளோரைடை எடுத்துக்கொள்வோம். இங்கே கிடைக்கும் 10 மில்லி லிட்டர் ஆம்பூலில் 20 மில்லி ஈக்விவலன்ட் (பொட்டாசியத்தை அளக்கும் அலகு) இருக்கும். கலக்காமல் நரம்பில் நேராக ஏற்றினால் இதயம் நின்றுபோகும். சலைனில் கலந்து, கை நரம்பு வழியாக என்றால் பொதுவாக மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்ட்டுக்கு மிகாமல், மெதுவாக ஏற்ற வேண்டும். அதாவது ஒரு ஆம்பூலுக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம். தூக்கமில்லாத ஹவுஸ் சர்ஜன் கேஸ் ஷீட்டில் மருந்தின் பெயரையும் 'உடனே' என்பதையும் மட்டும் எழுதிவிட்டான்.

"டாக்டர், எவ்வளவு சலைன்ல கலக்கணும், எத்தனை மணி நேரம்னு எழுதலையே?"

"அவசரம் சிஸ்டர், போடுங்க."

"எழுதுங்க, போடறேன்."

"நான் சொல்றேன்ல?"

"சொன்னீங்க. எழுதலை."

"எழுதலைன்னா?"

"போட மாட்டேன்."

படிகளைக் கவனியுங்கள். முதலில் கேள்வி. பிறகு நிபந்தனை. கடைசியில்தான் மறுப்பு. நேராக மறுப்பிலிருந்து ஆரம்பித்தால் அவள் திமிர் பிடித்தவளாகத் தெரிவாள். கேள்வியோடு நிறுத்திவிட்டால் பிடிவாதக்காரி இல்லை. அவள் குரல் உயரவே இல்லை, வாக்கியங்கள்தான் குறுகிக்கொண்டே போகின்றன. கடைசி வசனத்தைக் கேட்டதும் எதிரே இருப்பவனுக்குத் தான் எழுதியது என்ன என்று உறைக்க வேண்டும்.

சிரிப்பு எங்கே? அவன் பாக்கெட்டைத் தடவுகிறான், பேனா இல்லை. அவள் தன் பேனாவைக் கொடுக்கிறாள், மூடியைக் கழற்றித் தன் கையிலேயே வைத்துக்கொள்கிறாள். டாக்டரிடம் கொடுத்த பேனா திரும்பி வராது என்று எல்லா வார்டிலும் தெரியும். இதை விளக்கி வசனம் போட்டால் கெட்டுவிடும்.

மேலே யாரிடம் போவாள் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். பையன் மசியாவிட்டால் டியூட்டி டாக்டர், அவரும் இல்லையென்றால் யூனிட் சீஃப். இன்னொரு பக்கம் ஹெட் நர்ஸ், அவருக்கு மேலே நர்சிங் சூப்பரின்டென்டென்ட். இந்த ஏணி தெரியாமல் எழுதும்போதுதான் நர்ஸ் நேராக மருத்துவமனை முதலாளி அறைக்குள் நுழைந்து மேசையைத் தட்டும் அபத்தம் நடக்கிறது.

கூப்பிடும் முறையிலும் நிறைய எழுதலாம். நம் மருத்துவமனைகளில் எல்லோரும் அவளை 'சிஸ்டர்' என்பார்கள். அவள் பகலில் அந்தப் பையனை 'டாக்டர்' என்பாள். நைட் டியூட்டியில், அவன் முதல் மரணத்தைப் பார்த்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும்போது 'தம்பி' என்பாள். சீசனில் ஒரே ஒரு தடவை.

குறை வேண்டும், ஆனால் அதே குணத்திலிருந்து

எப்போதும் சரியாக இருக்கும் நர்ஸை வைத்துக் கதை நகராது. மூன்று எபிசோடுக்கு ஒரு முறையாவது அவள் தப்பாக இருக்க வேண்டும். வேலையில் அவளுக்கு உதவும் குணமே வேறு இடத்தில் தப்பாகட்டும். கார்லா அடுத்தவர் வாழ்க்கையில் மூக்கை நுழைப்பவள், வம்பு பேசுபவள், தான் சொன்னதே சரி என்று நிற்பவள். நோயாளியைக் காப்பாற்றுவதும் கணவன் டர்க்கோடு சண்டை மூட்டுவதும் ஒரே கார்லாதான். ஆறாவது சீசனில் மகள் இசபெல்லா பிறந்த பிறகு அவளுக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு வருகிறது. எல்லோருக்கும் கை கொடுத்தவள் கை நீட்ட வேண்டிய நிலை. அதே சீசனில் மூத்த நர்ஸ் லவர்ன் விபத்தில் சிக்கி மரணப் படுக்கையில் கிடக்கும்போது, மற்றவர்கள் விடைபெற்றுவிட, கார்லாவால் மட்டும் முடியவில்லை. வேறு எந்தக் கதாபாத்திரத்துக்கும் இந்தக் காட்சிகளைக் கொடுத்திருந்தால் பாதி பலம்கூட வந்திருக்காது.

2009 முதல் 2015 வரை ஷோடைமில் வந்த 'நர்ஸ் ஜாக்கி' இதை இருட்டான பக்கத்துக்கு இழுத்துச் சென்றது. ஈடி ஃபால்கோ நடித்த ஜாக்கி கைதேர்ந்த நர்ஸ், வலி மாத்திரைகளுக்கு அடிமை. விதியை வளைக்கும் துணிச்சல்தான் நோயாளிக்கு நல்லதும் செய்கிறது, அவள் அடிமைத்தனத்தையும் மறைக்கிறது. நல்ல வடிவம். ஆனால் முதல் முயற்சியில் இதைத் தொடாதீர்கள். நகைச்சுவையை விடாமல் ஏழு சீசன் அந்தப் பாரத்தைத் தூக்க, எழுத்தும் நடிப்பும் அந்த உயரத்தில் இருக்க வேண்டும்.

அடிக்கடி எங்கே கெடுகிறது

அவளுடைய எல்லாக் காட்சிகளும் டாக்டர்களோடு மட்டுமே அமைந்துவிடுவதுதான் முதல் காரணம். 22 நிமிடத்தில் அவளுக்கு ஐந்து காட்சி என்றால், இரண்டு நோயாளியருகே இருக்கட்டும், ஒன்று இன்னொரு நர்ஸோடு இருக்கட்டும். அந்தக் காட்சியில் டாக்டர்களைப் பற்றிய பேச்சே வேண்டாம். கார்லாவுக்கு லவர்ன், ஜாக்கிக்குப் பயிற்சிக்கு வந்த ஸோயி. மேலே ஒருத்தி அல்லது கீழே ஒருத்தி இருந்தால்தான் அவளுடைய வேறு முகம் வெளியே வரும்.

காதலுக்காகவே அவளைப் படைப்பதும் அதே அளவு கெடுதல். கார்லா டர்க்கைத் திருமணம் செய்வது மூன்றாவது சீசன் முடிவில். அதற்குள் அவளுக்கென்று வார்டில் ஒரு இடம் உறுதியாகிவிட்டது. அதனால் கல்யாணம் அவளை விழுங்கவில்லை. டர்க் அவளுடைய டொமினிக்கன் பூர்வீகத்தை போர்ட்டோ ரிக்கோ என்று திரும்பத் திரும்பக் குழப்புவது நீண்ட நாள் நகைச்சுவையாக ஓடி, 2007 ஜனவரியில் வந்த இசை எபிசோடில் தனிப் பாட்டாகவே ஆனது. அதில் கேலிக்கு ஆளாவது அவளுடைய பூர்வீகமல்ல, அவனுடைய கவனமின்மை. உங்கள் நர்ஸின் ஊரையோ சாதியையோ பேச்சு வழக்கையோ தொடும்போது இந்தத் திசையை மாற்றாதீர்கள்.

தொடக்கமே தவறாகிவிட்டால்? திருத்தலாம். போர்க்கள மருத்துவமனையில் நடக்கும் 'மேஷ்' தொடர் 1972இல் தலைமை நர்ஸ் மார்கரெட் ஹூலிஹானை விதி பேசும் கேலிப் பொருளாகத்தான் கொண்டுவந்தது. 'ஹாட் லிப்ஸ்' என்ற பட்டப்பெயர்கூட அந்த வகைதான். 1976இல் வந்த 'தி நர்சஸ்' என்ற எபிசோடில், தனக்குக் கீழே வேலை செய்யும் நர்ஸ்கள் தன்னை ஒரு காபிக்குக்கூடக் கூப்பிட்டதில்லை என்று அவள் உடைந்து பேசுகிறாள். லோரெட்டா ஸ்விட் நடித்த அந்த ஒரு காட்சிக்குப் பிறகு பழைய எபிசோடுகளின் கண்டிப்பெல்லாம் தனிமையாகப் புரிகிறது. 1983இல் தொடர் முடியும்போது அவள் முழு மனுஷி. புதுக் குணத்தை ஒட்டவைக்காமல், ஏற்கெனவே காட்டிய குணத்துக்குக் காரணத்தைத் திறந்துவிட்டார்கள். திருத்துவதற்கு வேறு வழி இல்லை.

நர்ஸிடம் படித்துக் காட்டுவது

'ஸ்க்ரப்ஸ்' குழுவுக்கு ஜானதன் டோரிஸ் என்ற நிஜ டாக்டர் ஆலோசகராக இருந்தார். ஜே.டி. பாத்திரத்துக்குத் தூண்டுதலே அவர்தான். பிபிசி ஃபோரில் 2009இல் தொடங்கிய 'கெட்டிங் ஆன்' தொடரை எழுதியவர்களில் ஒருவரும் அதில் நர்ஸாக நடித்தவருமான ஜோ பிராண்ட், நகைச்சுவைக்கு வருமுன் மனநல நர்ஸாகவே வேலை பார்த்தவர். முதல் எபிசோடிலேயே வார்டு நாற்காலியில் கிடக்கும் மலத்தைத் துடைப்பதா, டாக்டரின் ஆராய்ச்சிக்கு எடுத்து வைப்பதா என்று இழுபறி. இப்படி ஒரு யோசனை டாக்டரிடம் மட்டும் கேட்டு எழுதுபவருக்கு வராது.

ஆகவே வேலையில் இருக்கும் ஒரு ஸ்டாஃப் நர்ஸைப் பிடியுங்கள், கட்டணம் கொடுங்கள், நைட் டியூட்டி முடிந்த அன்று கூப்பிடாதீர்கள். "இது சரியா?" என்று கேட்டால் மரியாதைக்காக "சரி" என்றுவிடுவார். மூன்று கேள்விகள் கேளுங்கள்: இந்த நேரத்தில் உங்கள் கை என்ன செய்துகொண்டிருக்கும்? அடுத்து யாருக்கு போன் போடுவீர்கள்? ஷிஃப்ட் மாறும்போது ஹேண்டோவரில் இதை எப்படிச் சொல்வீர்கள்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை வார்த்தை மாறாமல் குறித்துக்கொள்ளுங்கள், அதற்குள் உங்கள் அடுத்த வசனம் இருக்கும். பிறகு அவளுடைய வசனங்களை மட்டும் தனியாகப் பிரித்து அவரையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தானாக வேறு சொல் போட்டுப் படிக்கும் இடங்களை எல்லாம் அப்படியே மாற்றி எழுதிவிடுங்கள்.