எக்செல்லில் பைசா உதைக்கிறதா? ரவுண்ட் போடும் முறை

கால் கிலோ அல்வா 85 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இனிப்புக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதில் சிஜிஎஸ்டி, அதாவது மத்திய அரசின் பாதி, இரண்டரை சதவீதம்: 2.125 ரூபாய். செல்லை இரண்டு தசமத்துக்கு வைத்திருந்தால் 2.13 என்று தெரியும். திருநெல்வேலிக் கடையொன்றில் தீபாவளிக்கு இப்படி 400 பில் போட்டால், பில்லில் உள்ளதைக் கூட்ட 852 ரூபாய் வரும். ஷீட்டோ 850 என்கிறது. அந்த ரெண்டு ரூபாய்க்குக் கணக்குச் சொல்லாமல் அண்ணாச்சி கடையடைக்க விடமாட்டார்.

கூட்டலில் தப்பில்லை. தசமத்தைக் குறைக்கும் பொத்தான் தோற்றத்தை மட்டுமே மாற்றும், செல்லுக்குள் 2.125 அப்படியே கிடக்கும்.

பி2 முதல் பி401 வரை 85 போடுங்கள். சி2-இல் இதை அடியுங்கள் (ஷீட்டில் ஆங்கில எழுத்தில்தான்):

=ரவுண்ட்(பி2*2.5%, 2)

கடைசி 2 என்றால் பைசா வரை. 0 போட்டால் முழு ரூபாய், -1 போட்டால் பத்து ரூபாய். செல்லின் வலது கீழ் மூலையைப் பிடித்து 401-ஆம் வரிசை வரை இழுத்து, சி402-இல் வழக்கமான சம் போடுங்கள். 852 வரும். பழைய ஷீட்டைத் தொடாமல் சரிபார்க்க மட்டும்:

=சம்ப்ராடக்ட்(ரவுண்ட்(சி2:சி401, 2))

ரவுண்டை எங்கே போடுவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பில்லில் எழுதப்போகும் தொகைக்கு மட்டும் போடுங்கள், நடுவில் வேண்டாம். டஜன் 100 ரூபாய்ச் சரக்கில் ஒன்றின் விலையை 8.33 என்று முதலிலேயே வெட்டினால், திரும்ப 12-ஆல் பெருக்கும்போது 99.96தான் வரும்.

பங்கு பிரிப்பதும் அப்படித்தான். பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றிய வண்டி வாடகை 1000 ரூபாயை மூன்று கடைக்குப் பிரித்தால் ஒரு பைசா உதைக்கும். இரண்டு பங்குக்கு ரவுண்ட் போட்டு, மூன்றாவதை 1000-லிருந்து கழித்து எடுங்கள்: 333.34.

இன்னொரு கோளாறு கண்ணுக்கே தெரியாது. காலி செல்லில் =(0.5-0.4-0.1) என்று அடைப்புக்குறியோடு அடித்துப் பாருங்கள். சுழியம் வராது, புள்ளிக்குப் பின் 16 சுழியம் தாண்டி 278 என்று ஒரு மைனஸ் எண் நிற்கும். கணினி எண்களை இரண்டடிமானத்தில் (0, 1 மட்டும் கொண்டு) வைக்கிறது. நமக்கு மூன்றில் ஒன்று 0.333 என்று முடியாமல் நீள்வதுபோல் அதற்கு 0.1 முடியாமல் நீளும். அதனால் வரவும் செலவும் ஒன்றா என்று டி2=ஈ2 போட்டுக் கேட்காதீர்கள். ரவுண்ட்(டி2-ஈ2, 2)=0 என்று கேளுங்கள்.

அட்வான்ஸ்டு ஆப்ஷனில் 'திரையில் தெரிவதையே மதிப்பாக்கு' என்ற பொருளில் ஒரு டிக் பெட்டி உண்டு. சுலபவழி மாதிரி தோன்றும். ஆனால் வெட்டிய தசமங்கள் பிறகு திரும்பவே திரும்பாது. தொடாதீர்கள்.

பில்லின் மொத்தத்தை முழு ரூபாயாக்கும்போது அந்த வித்தியாசத்தை 'ரவுண்ட் ஆஃப்' என்று தனி வரிசையில் காட்டுங்கள். 50 பைசாவும் அதற்கு மேலும் இருந்தால் ஏறும், குறைந்தால் இறங்கும். மேக்ரோ எழுதுபவர்களுக்கு மட்டும் ஒன்று: விபிஏயின் ரவுண்ட் 2.5-ஐ 2 ஆக்கும், ஷீட்டின் ரவுண்ட் 3 ஆக்கும். மேக்ரோவுக்குள்ளும் ஒர்க்‌ஷீட்பங்ஷன் வழியாக ஷீட்டின் ரவுண்டையே கூப்பிடுங்கள்.