இ.எம்.டி. ஆவது எப்படி: சி.பி.ஆர். பயிற்சியிலிருந்து முதல் ஷிப்ட் வரை

இ.எம்.டி.யாக, அதாவது எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னீஷியனாக, ஆம்புலன்ஸ் பணிக்கு வர நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எங்கே சேரலாம்?" என்பதுதான். தேவையான கேள்விதான், கீழே பதில் இருக்கிறது. ஆனால் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்ததில், தேர்வறையிலும் சரி, தெருவிலும் சரி, அவர்களைத் தடுமாற வைப்பது வேறொன்று. நோயாளியை எந்த வரிசையில் பார்ப்பது என்பது கைக்குப் பழகியிருக்காது. இதயத்தின் படத்தை அழகாக வரைவார்கள், மருந்துகளின் பெயரைக் கடகடவென்று சொல்வார்கள். எதிரே ஒருவர் மூச்சுத் திணறும்போது முதலில் எதைத் தொடுவது என்று கேட்டால் நின்றுவிடுவார்கள். அதனால் இந்த விளக்கத்தில் பெரும்பகுதி அந்த வரிசைக்குத்தான்.

படி 1: எந்த நிலை உங்களுக்கு?

பெயர்களும் விதிகளும் நாட்டுக்கு நாடு மாறும். ஆனாலும் இரண்டு நிலைகள் என்று வைத்துக்கொண்டால் புரிந்துகொள்வது எளிது. இ.எம்.டி. அடிப்படைச் சிகிச்சை தருபவர்: மூச்சுப்பாதையைத் திறந்து வைப்பது, ஆக்சிஜன் கொடுப்பது, ரத்தப்போக்கை நிறுத்துவது, எலும்பு முறிவை அசையாமல் கட்டுவது, சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி மூச்சு கொடுப்பது), ஏ.இ.டி. (இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி), அவசரப் பிரசவத்துக்கு உதவுவது, சில மருந்துகள். பாராமெடிக் அதற்கு மேல் போவார்: ரத்தக்குழாயில் ஊசி ஏற்றுவது, இ.சி.ஜி. பார்த்து முடிவெடுப்பது, மூச்சுக்குழாயில் டியூப் போடுவது, இன்னும் பல மருந்துகள்.

படிப்பின் நீளமும் அதற்கேற்ப மாறும். அமெரிக்காவில் இ.எம்.டி. படிப்பு சுமார் 150 மணி நேரம் அல்லது அதற்குச் சற்று மேல். பாராமெடிக் படிப்பு 1,000 மணி நேரத்தைத் தாண்டும். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் பாராமெடிக் பதிவுக்கான பயிற்சி பட்டப்படிப்பு அளவுக்கு உயர்த்தப்பட்டது. உங்கள் நாட்டின் விதி அனுமதித்தால் முதலில் இ.எம்.டி. முடித்து, ஒரு வருடமாவது வண்டியில் வேலை பார்த்துவிட்டு, அப்புறம் பாராமெடிக் படிப்புக்குப் போங்கள். நோயாளியைத் தொட்டுப் பழகிய பிறகு படிக்கும் பாடம் மனதில் தங்குகிற விதமே வேறு.

"எனக்கு மருத்துவப் பின்னணி எதுவும் இல்லையே" என்று தயங்குபவர்களுக்கு ஒரு வரலாறு சொல்ல வேண்டும். 1967-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. அந்த நாட்டில் அப்போது நோயாளிகளை ஏற்றிப் போனது பெரும்பாலும் போலீஸ் வேனும் சவ ஊர்தியும்தான். இந்தச் சேவைக்கு ஏழ்மையான கறுப்பினக் குடியிருப்பிலிருந்து வேலை இல்லாமல் இருந்தவர்களைச் சேர்த்து, டாக்டர் பீட்டர் சஃபார் வகுத்த கடுமையான பயிற்சியைக் கொடுத்தார்கள். இன்றைய பாராமெடிக் பணிக்கு வழி போட்டவர்களில் அவர்களும் உண்டு.

படி 2: சி.பி.ஆர். பயிற்சியை இப்போதே முடியுங்கள்

படிப்பில் சேரக் காத்திருக்க வேண்டாம். அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடும், பல இடங்களில் இ.எம்.டி. சேர்க்கைக்கே அந்தச் சான்று கேட்பார்கள். பெரியவர்களுக்கான எண்கள் இவை: நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சு முழுவதும் மேலே வர விட வேண்டும். களைத்துப்போனவர்கள் தங்களை அறியாமல் நெஞ்சின் மேலேயே சாய்ந்துகொள்வார்கள், அப்போது இதயத்தில் ரத்தம் நிரம்பாது. பயிற்சிப் பொம்மையில் இரண்டு நிமிடம் விடாமல் செய்து பாருங்கள். ஏன் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றச் சொல்கிறார்கள் என்று உங்கள் தோளே சொல்லும்.

படி 3: பயிற்சி நிலையத்தைத் தேர்ந்தெடுப்பது

மூன்று கேள்விகள் போதும். இங்கே படித்தால் உங்கள் நாட்டின் உரிமம் தரும் அமைப்பு அதை ஏற்குமா? மருத்துவமனையிலும் ஆம்புலன்ஸிலும் எத்தனை மணி நேரம் அனுப்புவார்கள்? ஒரு பயிற்சிப் பொம்மைக்கு எத்தனை மாணவர்கள்? முதல் கேள்விக்கான பதிலை நிலையத்தாரிடம் மட்டும் கேட்டுக்கொண்டு நிற்காமல், அந்த அமைப்பிடமே நேரடியாக உறுதி செய்யுங்கள். பணம் கட்டிய பிறகு தெரிந்து பயனில்லை.

படி 4: வரிசை

வேலையின் உயிரே இதுதான். வகுப்பு தொடங்கும் முன்பே வீட்டில் ஒருவரைப் படுக்க வைத்து, வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பழகலாம். மனதுக்குள் சொல்வது பழக்கமாகாது, வாய் சொல்ல வேண்டும், கை செய்ய வேண்டும்.

வாசலிலேயே தொடங்குங்கள். "இடம் பாதுகாப்பானது. கையுறை போட்டிருக்கிறேன். நோயாளி ஒருவர். கூடுதல் உதவி தேவையா என்று பார்க்கிறேன்." அறுந்து கிடக்கும் மின்கம்பி, சமையல் வாயு வாசனை, கோபத்தில் இருக்கும் ஆள், இவற்றில் ஏதாவது இருந்தால் உள்ளே போகாதீர்கள். நீங்களும் விழுந்தால் காப்பாற்ற வேண்டியவர்கள் இருவர்.

அடுத்து, பீறிட்டு வரும் ரத்தம். இருந்தால் வேறு எதற்கும் முன்னால் அதை அழுத்தி நிறுத்துங்கள்.

பிறகு மூச்சுப்பாதை. இங்கே காதுதான் கருவி. பேசுகிறாரா? பாதை இப்போதைக்குத் திறந்திருக்கிறது. குறட்டை போலச் சத்தமா? நாக்கு பின்னால் சரிந்திருக்கிறது, நெற்றியைச் சாய்த்து முகவாயை உயர்த்துங்கள். கழுத்தில் அடிபட்டிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் தலையைச் சாய்க்காமல் தாடையை மட்டும் முன்னால் தள்ள வேண்டும். களகளவென்று கேட்டால் உள்ளே ரத்தமோ வாந்தியோ இருக்கிறது, சக்ஷன் வைத்து உறிஞ்சி எடுங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்ற சத்தம் வந்தால் தொண்டைப் பகுதி ஒடுங்குகிறது என்று அர்த்தம், தாமதிக்கக் கூடாது.

மூச்சு. நெஞ்சு இரண்டு பக்கமும் சமமாக எழும்புகிறதா என்று பாருங்கள். ஒரு மூச்சில் எத்தனை சொல் பேசுகிறார் என்று கவனியுங்கள். முழு வாக்கியம் சொல்பவருக்கும், "முடியல... தம்பி... நெஞ்சு..." என்று நிறுத்தி நிறுத்திச் சொல்பவருக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தை எந்த இயந்திரமும் இவ்வளவு சீக்கிரம் காட்டாது.

ரத்த ஓட்டம். மணிக்கட்டில் நாடி பார்க்கும்போதே தோலையும் படித்துவிடுங்கள்: வெளிறியிருக்கிறதா, குளிர்ந்திருக்கிறதா, வியர்த்திருக்கிறதா? நகத்தை அழுத்திவிட்டால் இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். பிரஷர் எண் நன்றாக இருந்தாலும், வெளிறிக் குளிர்ந்து வியர்த்த தோலை நம்புங்கள். உடல் ஈடுகொடுத்துக்கொண்டிருக்கும்வரை எண் விழாது, விழும்போது நேரம் கடந்திருக்கும்.

நினைவு. தானாக விழித்திருக்கிறாரா, குரலுக்குக் கண் திறக்கிறாரா, வலிக்கு மட்டும் அசைகிறாரா, எதற்கும் பதில் இல்லையா என்ற நான்கு படிகள் முதலில் போதும். விரிவாகப் பார்க்க 1974-இல் கிளாஸ்கோவில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரு மருத்துவர்கள் உருவாக்கிய அளவுகோல் இருக்கிறது. கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15. எதற்குமே பதில் இல்லாதவருக்கும் 3 உண்டு, பூஜ்ஜியம் கிடையாது. மாணவர்கள் அடிக்கடி தவறவிடும் இடம் இது. குழப்பமாகப் பேசும் யாருக்கும் ரத்தச் சர்க்கரை பார்க்காமல் நகராதீர்கள். சர்க்கரை குறைந்தவர் பக்கவாதம் வந்தவர் போலவே தெரிவார்.

கடைசியாக, மறைந்திருக்கும் காயத்துக்காக உடையை விலக்கிப் பார்ப்பது. பார்த்ததும் போர்த்திவிடுங்கள். குளிர் ஏறக் கூடாது என்பது ஒரு காரணம், அவருடைய மானம் இன்னொரு காரணம்.

இந்த வரிசையில் எங்கே கோளாறு தெரிகிறதோ, அதைச் சரிசெய்யாமல் அடுத்ததுக்குப் போகக் கூடாது. நிலைமை மாறினால் மறுபடி முதலிலிருந்து.

படி 5: எண்ணவும் கேட்கவும் பழகுங்கள்

மூச்சு எண்ணுவது எளிது என்று நினைப்பார்கள். "மூச்சை எண்ணப் போகிறேன்" என்று சொன்ன உடனே நோயாளி மூச்சை மாற்றிவிடுவார். அதனால் இப்படிச் செய்யுங்கள்: மணிக்கட்டைப் பிடித்து 30 நொடி நாடியை எண்ணுங்கள். கையை விடாதீர்கள். கண்ணை மட்டும் நெஞ்சுக்குக் கொண்டுபோய் அடுத்த 30 நொடி மூச்சை எண்ணுங்கள். இன்னும் நாடிதான் பார்க்கிறீர்கள் என்று அவர் இருப்பார். இரண்டையும் இரண்டால் பெருக்குங்கள். நாடி சீராக இல்லை என்றால் முழு நிமிடம். ஓய்வாக இருக்கும் பெரியவருக்கு நாடி 60 முதல் 100, மூச்சு 12 முதல் 20. எண்ணாமல் கண்ணால் மதிப்பிட்டு 16 என்று எழுதும் பழக்கம் இந்தத் தொழிலில் பரவலாக இருக்கிறது, அது உங்களிடம் ஒட்ட விடாதீர்கள்.

கேள்விகளையும் மனப்பாடமாக்குங்கள்: என்ன செய்கிறது, ஒவ்வாமை உண்டா, என்ன மருந்து எடுக்கிறார், முன்பு என்ன நோய், கடைசியாக எப்போது சாப்பிட்டார், இது தொடங்கும்போது என்ன செய்துகொண்டிருந்தார். வலி என்றால் எப்போது தொடங்கியது, எது கூட்டுகிறது, எப்படிப்பட்ட வலி, எங்கே பரவுகிறது, பத்துக்கு எத்தனை என்று கேளுங்கள்.

வாய் கோணி, ஒரு கை தளர்ந்து, பேச்சு குழறினால் இன்னொரு கேள்வி மிக முக்கியம்: "கடைசியாக நன்றாக இருந்ததை யார், எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்?" ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்குப் பொதுவாக நான்கரை மணி நேரம்தான் வாய்ப்பு, அந்தக் கணக்கு இந்தப் பதிலிலிருந்துதான் தொடங்குகிறது. "காலையில் எழும்போதே இப்படித்தான் இருந்தார்" என்று சொன்னால், எழுந்த நேரத்தை எழுதக் கூடாது. முந்தின இரவு படுக்கப் போன நேரத்தைக் கேட்டு எழுத வேண்டும்.

படி 6: தேர்வு

செய்முறைத் தேர்வு உங்களுக்கு இனி பயமில்லை, படி 4-ஐ வாய்விட்டுச் செய்தால் போதும். செய்வதைச் சொல்லுங்கள், சொல்வதைச் செய்யுங்கள். தேர்வாளரால் உங்கள் மனதைப் படிக்க முடியாது.

எழுத்துத் தேர்வின் வடிவம் இடத்துக்கு இடம் வேறுபடும். அமெரிக்காவில் சான்றிதழ் தரும் தேசியப் பதிவேடு என்ற அமைப்பின் இ.எம்.டி. தேர்வு கணினியில் நடப்பது, உங்கள் பதிலுக்கு ஏற்ப அடுத்த கேள்வியின் கடினம் மாறும். கேள்விகள் கடினமாகிக்கொண்டே போனால் பயந்துவிடாதீர்கள், சரியாகப் பதில் சொல்கிறீர்கள் என்பதன் அறிகுறியாகவும் அது இருக்கலாம். நான்கு விடையும் சரி போலத் தெரியும் கேள்விகள் நிறைய வரும். "இவற்றில் முதலில் எதைச் செய்வேன்?" என்று கேட்டுப் பாருங்கள், வரிசை தெரிந்தவருக்குப் பெரும்பாலும் ஒரு விடைதான் மிஞ்சும்.

சான்றிதழும் நிரந்தரமில்லை. அந்தப் பதிவேட்டில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தொடர்கல்வி காட்டிப் புதுப்பிக்க வேண்டும், மற்ற நாடுகளிலும் இதுபோல ஏற்பாடு இருப்பது வழக்கம்.

படி 7: முதல் ஷிப்ட்

அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். வண்டியின் ஒவ்வொரு பெட்டியையும் நீங்களே திறந்து பாருங்கள். ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஏ.இ.டி. பேட்களின் காலாவதித் தேதி, கையுறை அளவு, ஸ்ட்ரெச்சரின் பூட்டு எல்லாம் பாருங்கள். சக்ஷனை இயக்கி, குழாயின் முனையைக் கட்டைவிரலால் அடைத்துப் பிடியுங்கள். நான்கு நொடிக்குள் அழுத்தம் காட்டும் முள் 300 mmHg-ஐத் தாண்ட வேண்டும். தாண்டவில்லை என்றால், உங்களோடு வரும் சீனியரிடம் உடனே சொல்லி மாற்றுங்கள். "நேற்று வேலை செய்ததே" என்று யாராவது சொன்னாலும் மாற்றுங்கள். வாய் நிறைய வாந்தியோடு ஒருவர் படுத்திருக்கும்போது அந்த முள்ளைத்தான் நம்பியிருப்பீர்கள்.