மஞ்சள் அட்டையைக் காட்டினால் சட்டம் நின்றுவிடுமா?

ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பு நாடுகளின் நாடாளுமன்றங்களுக்கு என்ன வேலை என்று எழுத உட்காருகிறவர்கள் பலர் முதல் வரியிலேயே சறுக்குகிறார்கள். ஸ்ட்ராஸ்பர்க்கில் கூடும் ஐரோப்பிய நாடாளுமன்றத்தையும், பெர்லினிலும் பாரிஸிலும் இருக்கிற தேசிய நாடாளுமன்றங்களையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் அது. 1979 வரை அதற்குக் கொஞ்சம் நியாயம் இருந்தது, ஏனென்றால் தேசிய உறுப்பினர்களில் சிலரைத்தான் அங்கேயும் அனுப்பிவைத்தார்கள். அந்த ஆண்டு நேரடித் தேர்தல் வந்ததும் இரண்டும் தனித்தனி.

அடுத்தது பெரிய தவறு: 'மஞ்சள் அட்டை' என்றால் தடை அதிகாரம் என்று நினைப்பது. 2009 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த லிஸ்பன் ஒப்பந்தப்படி, ஒரு சட்ட முன்வரைவு கைக்கு வந்த 8 வாரத்துக்குள், "இதை நாங்களே எங்கள் ஊரில் பார்த்துக்கொள்வோம், ஒன்றியம் தலையிட வேண்டாம்" என்று தேசிய நாடாளுமன்றங்கள் ஆட்சேபம் எழுப்பலாம். நாட்டுக்கு 2 ஓட்டு. இரண்டு அவை இருந்தால் அவைக்கு 1. (ஒரே அவை உள்ள குட்டி மால்டாவுக்கும் 2, ஜெர்மனிக்கும் மொத்தம் 2!) பொதுவாக மூன்றில் ஒரு பங்கு ஓட்டு சேர்ந்தால் மஞ்சள் அட்டை. சரி, அப்புறம்? சட்ட முன்வரைவுகளைத் தயாரிக்கும் ஐரோப்பிய ஆணையம் அதை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். 2012இல் வேலைநிறுத்த உரிமை தொடர்பான முன்வரைவைத் திரும்பப் பெற்றபோதுகூட, நாடாளுமன்றங்கள் சொன்ன காரணத்தை ஆணையம் ஒப்புக்கொள்ளவில்லை. 2013இல், ஒன்றியப் பணத்தில் நடக்கும் மோசடிகளை விசாரிக்க முன்மொழியப்பட்ட ஐரோப்பிய அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு எதிராக அட்டை வந்தது, ஆணையம் அசையவில்லை; எல்லா நாடுகளும் சேராததால், விரும்பிய நாடுகள் மட்டும் சேர்ந்து 2017இல் அதை உருவாக்கின. 2016இல் வேறு நாட்டுக்கு வேலைக்கு அனுப்பப்படும் தொழிலாளர்கள் பற்றிய திருத்தத்துக்கும் அதே கதி, 2018இல் சட்டமே ஆகிவிட்டது.

முன்வரைவையே நிறுத்திவிடும் 'சிவப்பு அட்டை'யும் இருக்கிறது என்று சிலர் எழுதுகிறார்கள். இல்லை. 2016 பிப்ரவரியில் அப்போதைய பிரிட்டன் பிரதமர் டேவிட் கேமரன் ஒன்றியத்திடம் பேசி வாங்கிய உடன்பாட்டில் இருந்தது, பிரிட்டன் மக்கள் வெளியேற ஓட்டுப்போட்டதும் அதோடு போயிற்று.

அதற்காக இந்த நாடாளுமன்றங்கள் வெறும் பொம்மை என்று முடிவுகட்டுவதும் தவறுதான், என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் மோசம். பிடி இருப்பது பிரஸ்ஸல்ஸில் இல்லை, சொந்த அமைச்சரின் சட்டைக்காலரில். டென்மார்க்கில் முக்கியமான விஷயம் என்றால், அமைச்சர் பிரஸ்ஸல்ஸ் கூட்டத்துக்குப் போகுமுன் ஐரோப்பிய விவகாரக் குழுவின் முன் உட்கார்ந்து, தான் என்ன பேசப்போகிறேன் என்று சொல்ல வேண்டும். குழுத்தலைவர் கட்சிகளின் இருக்கைக் கணக்கைப் பார்த்து, எதிராகப் பெரும்பான்மை இல்லை என்றால் போகச் சொல்வார். இருந்தால் அமைச்சர் தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டுதான் விமானம் ஏற முடியும்.

சீர்திருத்தப் பேச்சில் இன்னொன்றும் விட்டுப்போகிறது. ஒருமனதாக எடுக்க வேண்டிய முடிவைப் பெரும்பான்மை ஓட்டுக்கு மாற்றும் பொதுக் குறுக்குவழி ஒன்று ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தின் 48ஆம் பிரிவில் இருக்கிறது. அதை ஒரே ஒரு தேசிய நாடாளுமன்றம் 6 மாதத்துக்குள் எதிர்த்தாலே கதை முடிந்தது. உண்மையான தடை அதிகாரம் இங்கேதான் இருக்கிறது, மஞ்சள் அட்டை பற்றிய கட்டுரைகளில் இது பெரும்பாலும் கண்ணிலேயே படுவதில்லை.

'தேசிய' என்ற சொல்லையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். 2016 அக்டோபரில் கனடாவுடனான வர்த்தக உடன்பாட்டை ஒன்றியம் முழுவதும் கையைப் பிசைந்துகொண்டு காத்திருக்கும்படி நிறுத்திவைத்தது, பெல்ஜியத்தின் வல்லோனியா மாநில நாடாளுமன்றம்.